இரண்டு புள்ளி எட்டு

கோபிகிருஷ்ணனைத் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வலது கை மணிக்கட்டுக்கு மேலே முடிந்துவிட்டது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். மூன்று வேளையும் அவன் அக்கா செங்கம்மாதான் ஊட்டினாள். களியைக் கிள்ளி உருட்டி, புளிச்சக்கீரைக் குழம்பில் தோய்த்து வாயில் வைப்பாள். அவன் மெல்லாமல் விழுங்குவான்.

அந்த நேரத்தில் செங்கம்மாவின் புருஷன் சம்பத் வீட்டுக்குள் இருக்கமாட்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பான். கழனியில் மடை திறந்திருக்கிறது என்பான். ஐப்பசி மழையில் எந்த மாடு தண்ணீருக்குத் தவித்தது, எந்தக் கழனிக்கு மடை திறக்க வேண்டியிருந்தது என்று செங்கம்மா கேட்கவில்லை.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் வரதய்யபாளையத்துக்குத் தெற்கே, ஏரியைத் தாண்டி ஒரு தனியார் அனல் மின் நிலையம் இருக்கிறது. சம்பத் அங்கே பதினாலு வருஷமாக ஆபரேட்டர். கோபிகிருஷ்ணன் ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்ட் ஹெல்பர். மச்சானுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் சம்பத்தான்.

அங்கே ஐ.டி. ஃபேன் என்று ஒன்று உண்டு. பாய்லரில் எழும் புகையை உறிஞ்சிச் சிம்னிக்குத் தள்ளும். இரண்டு ஆள் உயரச் சக்கரம். அது வந்த நாளிலிருந்து ஒரே வேகத்தில்தான் ஓடியது. நிமிஷத்துக்கு எழுநூற்று நாற்பது சுற்று. புகை அதிகமானாலும் அதே வேகம், குறைந்தாலும் அதே வேகம். குறைந்தால், குழாய் வாயிலிருக்கும் இரும்புத் தகடுகளைச் சாய்த்துக் காற்றை அடைப்பார்கள். முழு வேகத்தில் லாரியை ஓட்டிக்கொண்டே பிரேக்கை அழுத்துகிற வேலை இது என்று மேனேஜர் ராம்ப்ரசாத் சொல்வார்.

போன பங்குனியில் அந்தத் தகடுகளை முழுக்கத் திறந்து, அசையாதபடி வெல்டிங் வைத்துவிட்டார்கள். ஏ.சி. அறை ஒன்று கட்டி, பீரோ உயரத்தில் ஆறு பெட்டிகளை நிறுத்தினார்கள். அவற்றுக்கு வி.எஃப்.டி. என்று பெயர். இனிமேல் மோட்டாரின் வேகத்தையே கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு மின்சாரம் மிச்சமாகிறது என்று தினமும் கேட்டில் போர்டில் எழுதினார்கள். போர்டுக்கு மாலை போட்டார்கள். ஆளுக்கு இரண்டு லட்டு கொடுத்தார்கள்.

வேகம் குறைந்ததும் சத்தமும் குறைந்தது. அறுநூறு சுற்றுக்கு அருகில் வந்து நின்றால் மட்டும் ஃபேன் ஆடும். தரை அதிரும். கன்ட்ரோல் ரூம் மேஜையில் டீ கிளாஸ் நகரும். "கங்கம்மா வந்துட்டாடா" என்று ஊர் அம்மன் பேரைச் சொல்லி ஆபரேட்டர்கள் சிரிப்பார்கள். ஒருவன் வேப்பிலை கொண்டுவந்து கம்ப்யூட்டர் திரைக்கு மேலே செருகிவைத்தான். ராம்ப்ரசாத் அதைப் பார்த்து, எடு என்று மட்டும் சொன்னார்.

கோபிகிருஷ்ணனுக்குக் கை போன செவ்வாய்க்கிழமை, ஈர நிலக்கரி, குறைந்த லோடு. ஃபேன் நாற்பது நிமிஷம் அறுநூறிலேயே நின்றது. மோட்டாரையும் ஃபேனையும் இணைக்கும் இடம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு தகர மூடி, நாலு போல்ட். கோபிகிருஷ்ணன் பேரிங்குக்கு கிரீஸ் வைக்கப் போனான். அனுப்பியது சம்பத். மூடி நழுவிச் சரிவதைப் பார்த்துக் கையால் தாங்கப் போனான்.

கம்பெனி வேறு மாதிரி சொன்னது. ஓடுகிற மெஷினின் மூடியை அவனே கழற்றினான் என்றது. ஊரும் அதையே சொன்னது. மெஷின் தப்பு என்று விசாரணையில் எழுதினால், கேட்டிலோ ஸ்டோரிலோ உட்கார்ந்து பார்க்கிற நிரந்தர வேலை ஒன்று அவனுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆள் தப்பு என்று எழுதினால் ஒன்றுமில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் வீடு காத்துக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் தரணி வந்தான். அவனும் ஆபரேட்டர், அடுத்த ஷிப்ட். மழை விட்டிருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணி, இத்த உள்ள வைங்க. பிச்சாட்டூர் பழம்." உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னாடா கோபி, மாப்ள மாதிரி ஊட்டிக்கினு துன்ற? எனுக்கு ஜொரம் வந்தப்போ கூட எம் பொண்டாட்டி ஊட்டல."

"கைய குடுத்துட்டு வா ணா. எங்கக்கா உனுக்கும் சேத்து ஊட்டும்" என்றான் கோபிகிருஷ்ணன்.

தரணி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. வாசலுக்கு வந்து, சம்பத்தின் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்து நின்றான்.

"நாளைக்கு இன்னா சொல்லப் போற ணா?"

"நடந்தத்த சொல்லப் போறேன்."

"இன்னா நடந்துது?"

"தெரியாத மாதிரி கேக்காத. மெஷின் ஆடிச்சி. போல்ட்டு லூஸாயி பூட்ச்சி. மூடி சரிஞ்சிது. புள்ள தாங்கிப் புடிச்சான்."

"சரி. அவுங்க சீட்ட எடுத்து வெப்பாங்க. பத்து மணிக்கு எவ்ளோ? ரெண்டு புள்ளி எட்டு. ஒன்பது மணிக்கு? ரெண்டு புள்ளி எட்டு. இவ்ளோ ஆடாம ஓடுற மெஷின்ல போல்ட்டு எப்பிடி கழலும்னு கேப்பாங்க. அப்போ?"

சம்பத் காலால் வாசல் சேற்றை ஒதுக்கினான்.

"அப்போ சீட்டு பொய்யின்னு சொல்லுவ. எவன் எழுதினதுன்னு கேப்பான். நாந்தான்னு சொல்லுவ. மத்த மூணு ஷிப்ட்டு சீட்டும் அச்சா அதே மாதிரி கீதேன்னு கேப்பான். அப்போ?"

"உங்க பேர நான் சொல்லமாட்டேன்."

"நீ இன்னாத்துக்கு சொல்லணும்? சீட்டே சொல்லுமே." தரணி குரலைத் தாழ்த்தினான். "நாலு வூடு ணா. எம் பொண்ணு பி.டெக் மொத வருசம். நம்ம ஆபரேட்டர் மஞ்சு இப்போ தான் வூட்டுக்குக் கடைக்கால் போட்டுக்கினு கீறான். கோபி கை திரும்ப வந்துரும்னா சொல்லு, நானே முன்னால வந்து நின்னு சொல்றேன்."

செங்கம்மா கதவருகில் நின்றிருந்தாள். கையில் களி காய்ந்திருந்தது.

"இன்னா சீட்டு?" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஒண்ணுல்ல அண்ணி."

"ஒண்ணுல்லாததுக்கா நாலு வூடு போவும்? இன்னா சீட்டுய்யா அது?"

சம்பத் சொன்னான். மறைத்துச் சொல்ல அவனுக்கு வரவில்லை. மணிக்கு ஒரு தரம் ஃபேனுக்குப் போக வேண்டும். பேரிங் மேல் மீட்டரை வைத்து, எவ்வளவு அதிர்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரே வேகத்தில் ஓடின காலத்தில் அந்த எண் மாறவே இல்லை. வெயிலிலும் இரண்டு புள்ளி எட்டு, மழையிலும் இரண்டு புள்ளி எட்டு. அவன் வேலைக்குச் சேரும்போதே, ஷிப்ட் ஆரம்பத்தில் எட்டுக் கட்டத்தையும் எழுதிவிடுவதுதான் வழக்கம். ஆறு மணிக்கு வந்ததும் முதலில் அதை முடிப்பார்கள். பிறகு டீ. கீழே ராம்ப்ரசாத் கையெழுத்துப் போடுவார். பொய் என்று யாரும் நினைத்ததில்லை. வி.எஃப்.டி. வந்த பிறகும் பேனா அதையே எழுதிற்று.

"ஆடுது, ஆடுதுன்னு சிரிச்சிக்கினு, ஆடலன்னு எழுதினீங்களா?"

"ஆடலன்னு எழுதல மே. எப்பவும் எழுதுறத்த எழுதினோம்."

"அன்னைக்கும் காலையிலயே எழுதிட்டியா?"

தரணி மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான். "நான் வரேன் அண்ணி" என்றான். அவன் வண்டி தெருவைத் தாண்டியதும் சம்பத் சொன்னான்.

"அன்னைக்குக் காலையிலயே எழுதினேன். ரெண்டு மணி வரைக்கும். பத்து நாப்பதுக்கு மெஷின் நின்னு பூட்ச்சி. நின்ன மெஷினுக்குப் பதினோரு மணி, பன்னெண்டு மணின்னு ரீடிங் கீது. மேனேஜர் சாரு பாத்துட்டாரு. வேற சீட்டு குடுத்து, பத்து மணி வரைக்கும் மட்டும் எழுதித் தான்னாரு. எழுதிக் குடுத்தேன்."

"எப்போ?"

"அவன ஆம்புலன்ஸ்ல ஏத்தினதுக்கு அப்பால."

செங்கம்மா கையைப் பார்த்தாள். காய்ந்த களியை நகத்தால் சுரண்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு நீ வரும்போது மூணு மணி. எங்கய்யா இருந்தன்னு கேட்டேன். பஸ் கெடைக்கலன்ன."

"ஆமா."

"அவன் ரத்தம் காயறத்துக்குள்ள குந்திக்கினு எழுதிக்கினு இருந்தியா?"

"சாரு எதிர்ல நின்னுக்கினு இருந்தாரு மே."

"நின்னா?"

உள்ளேயிருந்து கோபிகிருஷ்ணனின் குரல் வந்தது. "அக்கா, வுடு. எனுக்கு எல்லாம் தெரியும். மாமாவுக்கு நாந்தான் சீட்டு எடுத்துக் குடுப்பேன். சில நாளு நானே கூட எழுதிக்கீறேன்."

செங்கம்மா உள்ளே போனாள். அன்று சம்பத்துக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை.

விசாரணை ஆபீஸ் கட்டடத்தின் மாடியில் நடந்தது. திருப்பதியிலிருந்து வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் தெலுங்கில் கேட்பார். பதில் தமிழில் வந்தாலும் புரிந்துகொள்வார். ஒரு பக்கம் ராம்ப்ரசாத், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். இன்னொரு பக்கம் ஸ்ரீப்ரியா, வி.எஃப்.டி. போட்ட சென்னைக் கம்பெனியின் இன்ஜினீயர். முப்பது வயது இருக்கும். லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். முதலில் அவளைத்தான் கேட்டார்கள்.

"எந்த ஃபேனுக்கும் ஒத்துக்காத ஸ்பீடு ஒண்ணு ரெண்டு இருக்கும் சார்" என்றாள். "அங்க நின்னா ஆடும். அந்த இடத்துல நிக்காம தாண்டிப் போற மாதிரி பேனல்லயே செட் பண்ணிடலாம். அதுக்குத்தான் ஏப்ரல்ல ரீடிங் கேட்டோம். இவா முப்பது நாள் ஷீட் அனுப்பினா. எல்லா ஸ்பீடுலயும் டூ பாயிண்ட் எய்ட். ஒத்துக்காத இடமே இல்லைன்னு அர்த்தம். அதனால எதையும் செட் பண்ணலை."

சம்பத் நிமிர்ந்தான். அந்தச் சீட்டுகள் சென்னைக்குப் போனது அவனுக்குத் தெரியாது. கீழ் அலமாரியில் கட்டிப்போட்டுக் கரையான் தின்னும் என்றுதான் நினைத்திருந்தான். அதை யாரோ எடுத்துப் படித்திருக்கிறார்கள். நம்பியிருக்கிறார்கள். அறுநூறில் ஃபேன் நின்றது அவன் எழுதியதால்.

"முப்பது நாளும் ஒரே நம்பர். அனுமானம் ராலேதா அம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார்.

"வந்தது."

"மரி?" அப்புறம் ஏன் என்று கேட்டார்.

"குறிச்ச தேதிக்குள்ள ஓட்டிக் காட்டணும் சார்." அவள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு சம்பத்தை எழுந்து நிற்கச் சொன்னார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். காலையிலேயே எழுதுவதைச் சொன்னான். எத்தனை வருஷம் என்று கேட்டார்கள், பதினாலு என்றான். எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை ஆடும் என்று ஸ்ரீப்ரியா கேட்டாள். ஐந்நூற்று எண்பதில் ஆரம்பிக்கும், அறுநூற்று இருபத்தைந்தில் அடங்கும் என்றான். அவள் குறித்துக்கொண்டாள். போல்ட் தானாகக் கழன்றது, மச்சான் மூடியைத் தொடவில்லை, தாங்கத்தான் போனான் என்றான். புதுச் சீட்டைப் பற்றியும் சொன்னான்.

"நான் மாத்தி எழுதச் சொன்னேனா?" ராம்ப்ரசாத் குரலை உயர்த்தவில்லை. "பழைய ஷீட் எங்கே சம்பத்? சாருக்குக் காட்டு."

"நீங்க தான் சார் மடிச்சி பாக்கெட்ல வெச்சீங்க."

"என் பாக்கெட்லயா?"

"ஆமா சார்."

ராம்ப்ரசாத் இன்ஸ்பெக்டரிடம் திரும்பித் தெலுங்கில் பேசினார். கை போனவன் இவனுடைய சொந்த மச்சான், இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள், பையனுக்கு வேலை வேண்டும் என்பதற்காகத் தன் வேலையைக்கூட விட்டுவிடத் தயாராக வந்திருக்கிறான், பாவம் என்றார். அந்தப் பாவத்தை அவர் மனசாரச் சொன்ன மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "நிஜமேனா?"

"நிஜம் தான் சார். மச்சான் தான்" என்றான் சம்பத்.

"நிஜம் எழுதாதவன் நிஜம் பேசுறேன்னு வந்து நிக்கிறான்" என்று ராம்ப்ரசாத் தமிழில் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

சம்பத்தை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். அவன் மாடிப்படியில் நின்றான். சிம்னிப் புகை மழை மேகத்தோடு கலந்து ஏரிப் பக்கம் போயிற்று. மத்தியானம் வரை யாரும் கூப்பிடவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், முடிவு வரும்வரை வீட்டில் இரு என்று செக்யூரிட்டியே வந்து சொன்னான்.

முடிவு வர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் வேர்க்கடலை பிடுங்கும் வேலை வந்துவிட்டது. சம்பத் கூலிக்குப் போனான். முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், "மச்சானுக்கு ஒரு கை, மாமனுக்கு ஒரு வேல" என்று பக்கத்துச் சாலில் எவளோ சொல்லிச் சிரித்தாள். அவன் செடியை உதறிக்கொண்டே போனான். பதினாலு வருஷம் ஏ.சி.யில் உட்கார்ந்த இடுப்பு வலித்தது. தரணி ஒரு தரம் எதிரில் வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனான். மற்ற மூன்று ஷிப்ட் சீட்டுகளை யாரும் கேட்கவில்லை என்று சம்பத் கேள்விப்பட்டிருந்தான். நாலு பேரையும் அனுப்பினால் மெஷினை யார் ஓட்டுவது?

தபால் ஒரு சனிக்கிழமை வந்தது. தெலுங்கில் இருந்தது. சம்பத்துக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. செங்கம்மாவுக்கும் அப்படித்தான். மகள் காவ்யா சத்தியவேட்டில் இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, தெலுங்கு மீடியம். காலேஜ் விட்டு அவள் வரும்வரை கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள்.

அவள் வந்து, பையைக்கூடக் கழற்றாமல் வாங்கினாள். செங்கம்மா தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். கோபிகிருஷ்ணன் சுவரில் சாய்ந்திருந்தான். சம்பத் அன்று எழுந்து போகவில்லை.

"படிச்சிட்டு சொல்லு" என்றாள் செங்கம்மா.

"மொதல்ல உன்னப் பத்தி தான் நைனா. பதினாலு வருசமா ரீடிங் எடுக்காம எழுதினத்த ஆபரேட்டர் அவரே ஒத்துக்கினாரு. அவரு சொன்னத்த அப்பிடியே ஏத்துக்கினோம். அதனால வேலைல இருந்து எடுத்துடலாம்னு போட்டிருக்கு."

"தெரிஞ்சது தான். மேல படி" என்றான் சம்பத்.

காவ்யா வாய்க்குள் படித்தாள். திரும்ப மேலே போய்ப் படித்தாள்.

"இன்னாமே?" என்றாள் செங்கம்மா.

"போல்ட்டு தானா கழண்டுச்சின்னு ஆபரேட்டர் சொல்றாரு. அவரு அடிபட்டவருக்குச் சொந்தம். அதுவும் பொய்யா ரீடிங் எழுதினவரு. அதனால அவரு சொன்னத்த நம்ப முடியாது. மூடிய மாமா தான் கழட்டினாருன்னு முடிவு பண்ணிட்டாங்க."

செங்கம்மாவின் கை தட்டில் நின்றது. "மேல ஏத்துக்கினோம்னு படிச்சியே?"

"அது வேற பாரா மா."

"ரெண்டும் உங்க நைனா சொன்னது தானே?"

"ஆமா."

"ஒரே நாளுல சொன்னது தானே?"

"ஆமாம்மா."

சம்பத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவர்கள் சொல்வது பொய் என்று காட்ட அவனிடம் இருந்த ஒரே காகிதத்தை அவன் தன் கையாலேயே மாற்றி எழுதிக் கொடுத்திருந்தான்.

"முடிஞ்சிச்சா?" என்றான் கோபிகிருஷ்ணன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா. ஆபரேட்டர் சொன்னபடி அஞ்ஞூத்தி எம்பதுல இருந்து அறநூத்தி இருபத்தஞ்சி வரைக்கும் ஃபேன் நிக்காம தாண்டிப் போற மாதிரி விசாரணை அன்னைக்கே பேனல்ல செட் பண்ணியாச்சி. அதுக்கு அப்பால அதிர்வு இல்ல. அவ்ளோ தான். கீழ கையெழுத்து."

காவ்யா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"மாமா" என்றான் கோபிகிருஷ்ணன். அவன் விபத்துக்குப் பிறகு சம்பத்தை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். "அத்த செட் பண்ண எவ்ளோ நேரம் ஆச்சாம்?"

"இன்னாத்துக்குடா இப்போ?"

"தெரிஞ்சிக்கலாம்னு தான். மெஷின நிறுத்தணுமா?"

"நிறுத்த வேணாம். ஓடும்போதே செய்யலாம்."

"எவ்ளோ நேரம்?"

"தரணி கூட இருந்தானாம். ரெண்டு நம்பர் போட்டு ஒரு பட்டன அமுக்கிச்சாம் அந்தப் பொண்ணு. பத்து நிமிசம் கூட ஆவலியாம்."

கோபிகிருஷ்ணன் தலையாட்டினான். செங்கம்மா ஒரு கவளம் உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை.